நாலரைக் கட்டை ராணி

அன்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உங்களுக்கு,

போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். அதனால்தான் செய்யூரில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

அந்த மாயாஜால நாவலைப் பாட்டு நாடகமாக்கும்போது கடல் ராணியையே எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். "பதினஞ்சடி மேடை. ராணிய எங்க நிக்க வெக்கறது?" என்றீர்கள். பறக்கும் யானைக்கு மட்டும் இடம் இருந்தது! ராணியாகப் பாட வேண்டியவள் நான்; என் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகுதான் ராணிக்கு இடமில்லாமல் போனது என்பதையும் கவனித்தேன்.

நேற்று நம் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஜெரோமிடம் பேசினேன்.

"ராணிக்குப் புதுப் பாட்டு கீதுக்கா. சார் சொல்ல வேணான்னாரு," என்று உளறிவிட்டான்.

இப்போது குழுவில் பாடுகிற ஹெலனுக்கா என்று கேட்டேன்.

"அவ சுருதி ஆறு கட்டைக்கா. இது நாலரையில கீது. இங்க எந்தப் பொண்ணும் அவ்ளோ கீழ பாடாது."

நானும் ஆறு கட்டையில் பாடியவள்தான். இப்போது குரல் நாலரைக்கு இறங்கிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. மிக்சி ஓடும்போது மட்டும்தான் பாடிப் பார்ப்பேன்.

சமையலறைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டீர்களா?

நான் நம்பவில்லை. சனிக்கிழமை புதுப்பட்டினம் ஒத்திகைக்கு வருகிறேன். பாடுவதற்கல்ல, யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு. ராணிக்கு என்ன நிறப் புடவை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி