நாற்பத்தொரு இருமல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாகப் படுத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஏழு வாரமாக நீ போன் எடுப்பதில்லை. வந்தது ஒரே ஒரு கடிதம், அதிலும் இரண்டே வரி. குழந்தையின் போட்டோவைப் பார்த்ததும் "நல்லவேளை, அப்பா நிறம்" என்று நான் சொன்னேனே, அந்த நல்லவேளைக்கு என்ன அர்த்தம் என்று எழுது, எழுதினால் விடுமுறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று. பரீட்சைத் தாளிலாவது நாலு கேள்வி கொடுத்து ஒன்றை விட்டுவிடச் சொல்வார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நாலு பக்கம் எழுதினேன், பிறகு கிழித்துப் போட்டேன். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் பொறுமையாகப் படி, அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்.

பார்வையற்றோர் நூலகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்ப் புத்தகம் படித்துப் பதிவு செய்கிறேன் அல்லவா, அங்கே ஒரு பழைய நாவலைக் கொடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தியது, இலக்கியம் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற புத்தகம். ஒரு தோட்ட முதலாளி, அவரிடம் வேலை செய்ய வேறு தேசத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கறுப்பு ஜனங்கள், அதுதான் கதை. நல்ல கதைதான், படித்தால் கீழே வைக்க முடியாது, ஆனால் அந்த ஜனங்களைச் சொல்ல எழுதியவர் ஒரு வார்த்தை போட்டிருக்கிறார் பார், அதை வாயில் வைக்க முடியாது. முதலாளி சொன்னால் சரி, அவன் கெட்டவன் என்று விட்டுவிடலாம். கதை சொல்கிற எழுத்தாளரே மழை பெய்தது, மாடு வந்தது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மைக்குக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, அந்த வார்த்தை வந்த இடத்திலெல்லாம் இருமினேன். நாற்பத்தொரு தடவை. எண்ணியது நான் இல்லை, பதிவாகிற அத்தியாயங்களை நூலகம் அவ்வப்போது அனுப்பிவிடும், அதைக் கேட்டவர்கள்.

வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிற உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு மறுநாள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. எப்போதிலிருந்து இருமல் என்று டாக்டர் கேட்டார், மூன்றாம் அத்தியாயத்திலிருந்து என்று சொல்லிவிட்டேன், அவர் என்னை விட்டுவிட்டு உன் அப்பாவைப் பார்த்தார். அதற்குள் நூலகத்துக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒருவர் தேன் பாட்டில் அனுப்பியிருந்தார். இன்னொருவர் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்கு வேர்த்துவிட்டது. அந்தக் கறுப்பு ஜனங்கள் கதையில் வந்தாலே அந்த அம்மாவுக்கு இருமல் வருகிறது, அவர்கள் போனதும் நின்றுவிடுகிறது, ஏழைபாழைகளைக் கண்டால் அவ்வளவு அருவருப்பா, இப்படிப்பட்டவரைப் படிக்க விடலாமா என்று கேட்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

நூலகத் தலைவர் உடனே கமிட்டியைக் கூட்டினார். மனிதரை மனிதர் நிறத்தை வைத்து இழிவாகப் பேசுவதை இந்தக் கமிட்டி வன்மையாகக் கண்டிக்கிறது என்று தீர்மானம் படித்தார். பாதியில் காற்று வந்து காகிதம் பறந்தது, உடனே வாட்ச்மேனைப் பார்த்து, டேய் கரிக்கட்டை, அந்த ஜன்னலைச் சாத்து என்றார். வாட்ச்மேன் சாத்தினார். தலைவர் விட்ட இடத்திலிருந்து படித்தார், எல்லோரும் கைதட்டினோம், நானும்தான் தட்டினேன். அந்த வார்த்தைக்குப் பதிலாக மரியாதையாக "அன்பர்" என்று படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சரி என்று மறுபடியும் உட்கார்ந்து ஒன்பதாம் அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். அந்த அன்பரை மரத்தில் கட்டித் தோலை உரியுங்கள், அன்பர்களுக்கு இரண்டு நாள் சோறு கிடையாது, தப்பி ஓடிய அன்பரை நாயை விட்டுப் பிடித்தார்கள் என்று படிக்கப் படிக்க முதலாளி தங்கமான மனிதராகிவிட்டார். அடித்தாலும் மரியாதை குறையாமல் அடிக்கிறாரே என்று உன் அப்பா பெஞ்சிலிருந்து சொன்னார்.

மூன்றாம் நாள் ஒருவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நேராகப் பதிவு அறைக்கே வந்துவிட்டார். முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவராம், குரலைக் கேட்டால் நாமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளத் தோன்றும். இருமலையும் கேட்டேன், அன்பரையும் கேட்டேன், நடுவில் நிஜமாக அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன், காகிதத்தில் எழுதிக் காட்டலாம் என்றால் அதற்கும் வழி இல்லை, மெதுவாகக் காதோடு சொன்னேன். சிரித்தார். உங்கள் மனம் புண்படும் என்றுதான் மறைத்தோம் என்று நான் ஆரம்பித்தேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாதும்மா. நான் கறுப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்னு நினைக்கிறீங்க? வீட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் தெரியும். அந்த ஆள் எழுதினதை எழுதினபடியே படிங்க, அவர் எப்படிப்பட்டவர்னு நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

தெருவில் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை, வீட்டில் என்று சொல்லிவிட்டார். நான் மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு தலைவரிடம் போய்ச் சண்டை போட்டு, புத்தகம் முழுவதையும் உள்ளது உள்ளபடி படித்தேன். தலைவர் ஒரு நிபந்தனை போட்டார், தொடக்கத்தில் அவருடைய குரலில் ஒரு எச்சரிக்கை வரவேண்டுமாம், அது பதினொரு நிமிஷம் போகிறது. படித்து முடித்த அன்று வாசலில் வாட்ச்மேனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர். அவர் தனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். உன்னை நான் "கரிக்குட்டி" என்று கூப்பிட்டதை இந்தக் கையால் எழுதவே கூசுகிறது. செல்லமாகத்தானே என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ சிரித்துக்கொண்டே ஓடி வருவாய். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்த அன்று அரை டப்பா பவுடரை அப்பி அனுப்பினேன், படத்தில் உன் முகம் ஒரு பெண்ணுடையதாகவும் கழுத்து வேறு பெண்ணுடையதாகவும் இருந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தோம். அன்றைக்கே நீ சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது. நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன யாரோ எழுதியதைச் சொல்லக் கூசியவள், என் குழந்தையைச் சொல்லக் கூசவில்லையே.

மாப்பிள்ளை போன வாரம் எங்களிடம் பேசினார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பூங்காவில் ஒருத்தி உன்னைக் குழந்தையின் ஆயா என்று நினைத்து, எந்த ஏஜென்சி மூலம் வந்தாய் என்று கேட்டாளாமே, இது என் குழந்தைதான் என்று நீ சொல்லியும் அவள் நம்பாமல் குழந்தையைப் பார்த்தாளாமே. அதற்கு மறுநாள்தான் நான் போனில் நல்லவேளை என்றிருக்கிறேன். பாவி, எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்.

இனி உன் கேள்விக்குப் பதில். நல்லவேளை என்றால், உன்னைச் சொன்னதையெல்லாம் இந்தக் குழந்தையை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த யாரும் என்பதில் முதல் ஆள் நான். என் வாயை அடக்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, குழந்தை வேறு நிறத்தில் பிறந்தது நல்லதாயிற்று என்று தோன்றியிருக்கிறது. அர்த்தம் அவ்வளவுதான், இதைவிட நன்றாக எழுத எனக்கு வரவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணே. நாளைக்கு உனக்கு இன்னொரு குழந்தை பிறந்து அது உன்னை உரித்து வைத்தாற்போல் இருந்தாலும், அதை முதலில் தூக்கிக்கொள்ள எனக்கு இடம் கொடு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொல்கிறார், முழங்காலைப் பற்றியும் எழுதச் சொன்னார், எழுதியாகிவிட்டது. குளிர் காலம், காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. வருவதானால் தேதியைப் போட்டு எழுது. வராவிட்டாலும் எழுது, திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
உனக்கு உன் நிறத்தைக் கொடுத்த
அம்மா