எண்ணி முடிப்பதற்குள் எழுந்தவனுக்கு

இன்று காலை கோதாவில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மலைக்கோட்டைக்குப் பின்னால் கிடக்கிறதே, அந்தப் பொட்டலில்தான். நாளைச் சாயங்காலம் அங்கே குஸ்தி. செம்மண்ணில் நல்லெண்ணெயை ஊற்றி, மஞ்சள்தூளைத் தூவி, நாலைந்து பேர் காலால் மிதித்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சும்மா ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன் நான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. செத்துப்போனவன்மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோது நாம் போட்ட சண்டை எனக்குப் போதவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்ரீரங்கம் திரும்பி, கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து வெளிநாட்டுப் பயில்வான்கள் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். நாளை வருகிறவன் துருக்கிக்காரனாம். தெப்பக்குளத்துச் சுவரெல்லாம் நோட்டீசில் அவன் மார்புதான். அடியில் பொடி எழுத்தில் நடுவர் என்று போட்டு என் பெயர். என்னை அந்தப் பொடி எழுத்தில் ஏற்றிவிட்டதே நீதானே.

முதல் வெள்ளைக்காரப் பயில்வான் திருச்சிக்கு வந்தபோது அவனிடம் இங்கிலீஷில் பேச ஆள் இல்லாமல் குஸ்தி ஏற்பாடு செய்கிற காண்ட்ராக்டர் தவித்தார். தென்னூரில் உங்கள் விறகுத் தொட்டிக்கு வந்தவரிடம், "எங்க ஐயரு இருக்காருங்க. ரயில்வே கூட்ஸ் ஆபீஸ்ல வேலை. இங்கிலீஷ்லயே சண்டை போடுவாரு" என்று நீ அளந்துவிட்டாய். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று பள்ளிக்கூடத்து நாளிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டேன். எனக்கு எரியும் என்று தெரிந்தே கடைசிவரை நீ மாற்றவில்லை. காவேரி மணலில் உன்னோடு புரண்டு வளர்ந்தவன் நான். ஒரு தடவைகூட உன்னைச் சாய்த்ததில்லை. ஆனாலும் எவன் எந்தக் காலில் சறுக்குவான் என்பது என் கண்ணுக்குப் பழகியிருந்தது. அந்தக் கண்ணும் கொஞ்சம் இங்கிலீஷும் சேர்ந்து என்னை நடுவராக்கின.

என் அம்மாவுக்குத்தான் ஆறவே இல்லை. "ஏண்டா, கண்ட மிலேச்சன் கையைப் பிடிச்சுத் தூக்கிட்டு நேரே உள்ளே வராதே. கொல்லை வழியா வந்து தீர்த்தமாடிட்டு வா" என்பாள். கிணற்றடியில் நான் வாளி வாளியாக ஊற்றிக்கொள்வேன். நீ மதில்மேல் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் காதுல மண்ணு இருக்கு ஐயரே" என்று சிரிப்பாய்.

அப்புறம் அந்த ஹங்கேரிக்காரன் வந்தான். அவனோடு மோத உன்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நீ ஜெயித்தால் கொழும்புக்கு அழைத்துப் போவதாகவும், அங்கிருந்து சிங்கப்பூர் என்றும் காண்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். சமயபுரத்தைத் தாண்டாதவன் நீ. கடலைப் பார்த்ததே இல்லை. அந்த ஒரு மாதமும் விறகு பிளக்கும்போதுகூடக் கொழும்பு, கொழும்பு என்றுதான் கோடாலி விழுந்தது.

ஹங்கேரிக்காரனோ தன் தேசத்து விதிப்படிதான் ஆடுவேன் என்றான். நம் குஸ்தியில் முதுகு மண்ணைத் தொட்டால் தீர்ந்தது கதை. வென்றவன் உடனே பிடியை விட்டு எழுந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அவர்கள் வழி வேறு. கீழே கிடப்பவனின் இரண்டு தோளும் தரையில் ஒட்டியிருக்க, நடுவர் மூன்று எண்ணி முடிக்கும்வரை மேலே இருப்பவன் விடாமல் அழுத்த வேண்டும். இதை உனக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். ஆட்டத்துக்கு முன்தினம் உன் வீட்டு வாசலில் நின்று மறுபடியும் சொன்னேன்.

"மூணு எண்ணணும்டா. நான் மூணு சொல்றவரைக்கும் எழுந்துடாதே."

"எனக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாய்யா? போய்யா, போய்ப் பெருமாளைச் சேவி" என்றாய். வாய் நிறைய வேர்க்கடலை.

ஊரே திரண்டு வந்திருந்தது. ஹங்கேரிக்காரன் உன்னைவிட ஒரு சாண் உயரம். ரொம்ப நேரம் இரண்டு பேரும் கழுத்தோடு கழுத்து முட்டிக்கொண்டு நின்றீர்கள். அவன் வலது காலை ஊன்றும்போது கொஞ்சம் தயங்குகிறான் என்று எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் உனக்கும் தெரிந்துவிட்டது. இடுப்பில் வாங்கி ஒரே தூக்கு. மல்லாக்க விழுந்தான். நான் குப்புறப் படுத்து, அவன் தோளுக்கும் மண்ணுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தேன். விரல் போக இடமில்லை. ஒன்று என்றேன். இரண்டு என்றேன். நீ எழுந்துவிட்டாய்!

எழுந்து, குனிந்து, மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றினாய். ஜனங்கள் விசிலடித்துக்கொண்டு துண்டுகளை ஆகாயத்தில் வீசினார்கள். உன் முதுகுக்குப் பின்னால் அவன் எழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவன் வாயைத் திறந்து எச்சரிக்கக் கூடாது. அவன் உன் காலை வாரி, புரட்டி, மேலே விழுந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவன் கையைத் தூக்கினேன்.

சோடா பாட்டில் பறந்தது. "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் என்னை நடுவில் விட்டுப் பின்பக்கமாக அழைத்துப் போனார்கள். திரும்பிப் பார்த்தேன். நீ கோதாவிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்க்கவில்லை.

அந்தத் தீர்ப்பு சரி. இப்போதும் சரி என்பேன். உன் கல்லறையில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

ஆனால் ஊர் உன்னைப் பற்றிப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. விலைபோய்விட்டாய் என்றார்கள். காபி ஹோட்டலிலும் ஆபீசிலும் தெற்கு வாசல் கடைகளிலும், எவன் வாயைத் திறந்தாலும் உனக்காக நான் வரிந்து கட்டிக்கொண்டு பேசினேன். "பாவம், பழக்க தோஷம். முதுகு பட்டதும் கை தானா விட்டுடுத்து. மூணு எண்ணணும்கிறதே மறந்துபோச்சு அவனுக்கு" என்று. கொஞ்ச நாளில் ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்தது. விலைபோனவன் என்ற பேச்சு நின்றது. உனக்குப் பெரிய உபகாரம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு விறகுத் தொட்டிக்கு வந்தேன்.

நீ கோடாலியைக் கீழே வைக்கவில்லை. "எத்தனை தூக்கு விறகு வேணுங்க, சாமி?" என்றாய்.

ஐயரே போய்ச் சாமி வந்துவிட்டது. அதோடு ஒரு 'ங்க'. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்கும் வீம்பு. இரண்டு தூக்கு போடச் சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மாதாமாதம் வந்தேன், மாதாமாதம் நீ அதையே கேட்டாய். கொல்லையில் விறகு அம்பாரமாகக் குவிந்தது. "ஊருக்கெல்லாம் கல்யாணத் தளிகை நம்மாத்துலேயா பண்ணப் போறே?" என்று அம்மா கேட்டாள்.

வேடிக்கையைப் பார். சொந்த ஊர்க்காரனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவன் என்று என் பெயர் பரவிவிட்டது. கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள், ரங்கூனிலிருந்து கூப்பிட்டார்கள், பினாங்குக்குக்கூடக் கூப்பிட்டார்கள். நீ ஆசைப்பட்ட ஊர்களுக்கெல்லாம் நான் போனேன். பிடி நழுவட்டும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு வந்த ஒருத்தனை நானே துண்டை வாங்கிக் குழந்தையைத் துவட்டுவதுபோல் துவட்டிவிட்டேன். கடித்த ஒருத்தனின் வாயைத் திறந்து பார்த்தேன். ஜனங்கள் என்னைத் திட்டித் திட்டி, குருடன் என்ற வார்த்தை இப்போது எனக்கு ஆறேழு பாஷையில் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் கப்பல் துறையில் இறங்கும்போது, இந்த இடத்தில் நீயல்லவா நிற்க வேண்டும் என்று தோன்றும். தோன்றி என்ன செய்ய.

கொழும்பில் அந்தப் பெரிய போட்டிக்குப் போகும்போது போட் மெயில் ரயிலில் உன்னைப் பார்த்தேன். அதில் மோத வந்த லாகூர்ப் பயில்வானுக்கு உடம்பு பிடித்துவிடவும், கூட நின்று பயிற்சி கொடுக்கவும் உன்னைக் காண்ட்ராக்டர் அழைத்து வந்திருந்தார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நானும் திருப்பிக்கொண்டேன்.

லாகூர்க்காரனுக்கு எதிரே வந்தவன் அதே ஹங்கேரிக்காரன். ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் அவனுடைய மானேஜர், தொப்பியும் சுருட்டுமாக ஒரு துரை, என்னைக் காட்டிக் கத்தினான். இந்தியப் பயில்வானுக்கு இந்திய நடுவனா, இவனை இறக்குங்கள் என்றான். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜனங்கள் தரையை உதைத்தார்கள். அந்த மேடையிலிருந்து அன்று இறக்கியிருந்தால் நான் அப்புறம் எங்கேயும் ஏறியிருக்க முடியாது. நேர்மை கெட்டவன் என்ற பெயரோடுதான் ஊர் திரும்பியிருப்பேன்.

அப்போது நீ எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து முன்னால் வந்தாய். எத்தனை வருஷத்துக்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசினாய்!

"அந்தத் துரைகிட்டச் சொல்லுய்யா. உசிருக்கு உசிரான சிநேகிதன் என் கையையே தூக்கிவிடாத ஆளு, இவங்க கையையா சும்மா தூக்கப் போறாரு? எங்க ஐயரை நம்பலாம்னு சொல்லு."

வேறு யார் சொல்வது? கிட்டத்தில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்குக் கொடுத்த சாட்சியை நானே இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஹங்கேரிக்காரன் உன்னை உற்றுப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மானேஜரிடம் ஏதோ சொன்னான். துரை தொப்பியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தான்.

திரும்பி வரும்போது கப்பல் தளத்தில் நீயாக வந்து பக்கத்தில் நின்றாய். வெயில் சுள்ளென்று அடித்தது. என்னால் அடக்க முடியவில்லை.

"தீர்ப்பு சரின்னு நீயே சொல்றே. பின்னே இத்தனை வருஷம் ஏண்டா என்னோட பேசலே?"

"தீர்ப்புல எனக்கு என்னய்யா கோவம்? மறந்துட்டான், மறந்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னியே, அதான். நான் மறக்கலை. நீ ரெண்டு சொன்னது நல்லாவே காதுல விழுந்துச்சு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "விழுந்துதா? பின்னே ஏண்டா எழுந்தே?"

"விழுந்துட்டான்ல? முதுகு மண்ணுல பட்டுருச்சு. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு அவன் மேல ஏறி உக்காந்திருக்கணும்? மனசு வரலை, எந்திரிச்சுட்டேன்."

"முட்டாள்! இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தா கொழும்பென்ன, லண்டனுக்கே போயிருப்பேடா!" என்று நான் கத்தினேன். கப்பலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கடலைக் காட்டி, "இப்ப மட்டும் நான் எங்கய்யா நிக்கிறேன், தென்னூர்லயா?" என்று சிரித்தாய். இத்தனை வருஷம் இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டதற்கு, "ஜெயிச்சவன் சொன்னா கேப்பாங்க. தோத்தவன் சொன்னா சாக்குன்னுவாங்க" என்றாய். தலைமன்னார் கண்ணிலிருந்து மறையும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

யுத்தத்தின் கடைசியில் உனக்கு விஷஜுரம் வந்தது. நான் வந்தபோது உன் சம்சாரம், "காலையிலேர்ந்து ஐயரு வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருக்காருங்க" என்றாள். கோதாவையே அதிரவைத்த தோள் பாயில் துணிபோலக் கிடந்தது. "எழுந்திருடா. எழுந்திருக்கறதுல நீ சூரனாச்சே" என்றேன். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் உன்னால் முடியவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அந்த ஒரு மூச்சை நீ பொறுத்திருக்கலாம். கோபத்தைவிட அதிகமாக, நீ இல்லாமல் இந்த ஊரில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஐயரே என்று கூப்பிட ஆளில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லவில்லை. அந்தக் கப்பல் பயணத்துக்கு அப்புறம் என் எண்ணிக்கை மாறிவிட்டது. ஒன்றும் இரண்டும் எப்போதும்போலத்தான் வருகின்றன. இரண்டு சொன்னதும் என் வாய் ஒரு நொடி நின்றுவிடுகிறது. பினாங்கில் ஒரு மானேஜர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "உன் மூன்று தாமதமாக வருகிறது" என்று புகார் செய்தான். "இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாமதம்தான், கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்" என்றேன். எதற்காக நிறுத்துகிறேன் என்று அவன் கேட்கவில்லை.

மண்ணில் படுத்தபடியே, மேலே இருப்பவன் முகத்தைப் பார்க்கிறேன். ஒருவனாவது எழுந்துவிடுவானா என்று பார்க்கிறேன். இதுவரை எவனும் எழவில்லை.