பாதியாக வற்றிய உப்புத் தண்ணீர்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் நாலு தடவை கூப்பிட்டேன். அசந்து தூங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது, அதனால்தான் இந்த மெசேஜ். உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்று நேற்று சொன்னீர்களே. "உப்பு, சர்க்கரை கலந்து கஷாயம் மாதிரி கொதிக்க வெச்சு, பாதியா வத்தினதும் குடுக்கறேன். ஐயாவோட கைப்பக்குவம்!" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீரைக் கிண்ணத்தில் சுடவைத்திருந்தேன். தண்ணீர் முழுக்க ஆவியான பிறகு மிஞ்சும் உப்பை எடைபோடுவதுதான் என் வேலை. "பால் காய்ச்சற மாதிரி காவல் நிக்கிறியேம்மா, அது பொங்காது" என்று மேலாளர் கிண்டலடித்தார். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. பாதியாக வற்றினால் கரிப்பு இரட்டிப்புதானே? இதையே படித்தவள், நேற்றே சொல்லியிருக்க வேண்டாமா?

மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு உப்பு, சர்க்கரையைக் கலக்குங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொடுக்காதீர்கள். உங்கள் இருவரையும் விட்டு வேலைக்கு வந்த இந்த ஊரில் அந்த ருசி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. எழுந்ததும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

அவளுக்கு உடம்பு தேறியதும், அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.