இரண்டாவது பிரேக்

அன்பு மகள் ஹாரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டதா, இல்லை இன்னும் அதைத் தாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா? புதிதாக வந்த மேலாளர் எப்படி? முதலில் இதற்கெல்லாம் பதில் எழுது. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் போனில்தான் சொல்லப் பார்த்தேன். நான் வீடு என்று வாயெடுத்தாலே நீ "வச்சிடறேன்மா" என்கிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. வேண்டுமானால் கிழித்துப் போடலாம். ஆனால் பாதி படித்துவிட்டு மீதியைப் படிக்காமல் இருக்க உன்னால் முடியாது. அதில் நீ அப்படியே உன் அப்பா. ஹாரன் என்று உனக்குச் செல்லப்பெயர் வைத்ததும் அவர்தானே.

போன முறை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "வாழ்க்கை பூரா விட்டுக் குடுத்தே பழகிட்டம்மா. கடைசியில வீட்டையும் தூக்கிக் குடுத்துட்ட. அந்த ஓட்டைக் கார் ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்றாய். இந்த லீவுக்கு வரமாட்டேன், வந்தால் எந்த வீட்டுக்கு வருவது என்றும் கேட்டாய். உன் கோபம் எனக்காகத்தான் என்று தெரியும். அதனால்தான் உனக்கு நடந்ததைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். அப்பா கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை என்று அவர் என்னிடம் புகார் சொல்லவில்லை. நம் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் மேசையில் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் பிரிவதற்கு எல்லோரும் பெரிய காரணம் கேட்கிறார்கள். குடியா, அடியா, வேறு யாராவதா என்று உன் பெரிய மாமா ஒவ்வொன்றாகக் கேட்டு ஏமாந்து போனார். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள். வீட்டிலும் இரண்டு ஆசிரியர்கள், மாணவர் என்று ஒருவர்கூட இல்லை. வெங்காயம் நறுக்குவதிலிருந்து துணி மடிப்பது வரை ஒருவரை ஒருவர் திருத்தியே களைத்துப்போனோம். நீ வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு திருத்துவதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. போதும் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவரும் போதும்தான் என்றார்.

கோர்ட்டில் கட்டிப் புரள்வதற்கு முன்னால் ஒரு மத்தியஸ்தரைப் பாருங்கள் என்று வக்கீல் அனுப்பினார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. வட்ட மேசை, தண்ணீர் ஜாடி, மூன்று நாற்காலி, அவ்வளவுதான். கடிகாரம்கூடக் கிடையாது. வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பதறுகிறார்கள் என்று கழற்றிவிட்டாராம். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. சிரிக்கவே மாட்டார். யார் பக்கமும் தலையாட்டவும் மாட்டார். எனக்கு முதல் நாள் அவரைப் பிடிக்கவே இல்லை.

முதல் நாள் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஸ்கூல் என்னுது மேடம். நான் ஆரம்பிச்சது, எல்லாப் பேப்பரும் என் பேர்லதான் இருக்கு. இவ கூடமாட உதவி செஞ்சா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பதிலுக்கு ஏதோ வேகமாகச் சொன்னேன். மேசை ஆடியது. மத்தியஸ்தர் குனிந்து கீழே பார்த்துவிட்டு, ஏன் இரண்டு பேரும் தரையை மிதிக்கிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தோம். நம் ஸ்கூல் கார்களில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எங்களுக்கு ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? எதிராளி தப்பாகப் போகிறார் என்று தோன்றினால் கால் தானாக அதைத் தேடி மிதித்துவிடும். அந்த அறையில் நான் பேசினால் அவர் மிதித்தார், அவர் பேசினால் நான் மிதித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சிரிப்பார் என்று பார்த்தேன். மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு, மேலே சொல்லுங்கள் என்றார்.

அடுத்த முறை போனபோது சொத்தைப் பற்றியே கேட்கவில்லை. அப்பாவிடம், உங்கள் மனைவியின் ஒரு வேலை நாளை எனக்குச் சொல்லுங்கள் என்றார். என்னிடம், அவர் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்றார். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

அப்பா அலட்சியமாகத்தான் ஆரம்பித்தார். "காலையில ஷட்டரைத் தொறப்பா. பொம்பளைங்க வகுப்பு அவளோடது. அப்புறம் டெஸ்டுக்குத் தேதி வாங்குவா. வண்டியை சர்வீஸுக்கு விடுவா. இன்சூரன்ஸ் கட்டுவா. பீஸ் தராதவங்களுக்குப் போன் போடுவா. நடுவுல வீட்டுக்கு ஓடிச் சமைப்பா." போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மத்தியானம் என்று சொல்லி நிறுத்தினார். "மத்தியானம் நான் தூங்குவேன் மேடம். அப்ப இவ என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது" என்றார். மத்தியஸ்தர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்பா அதைக் குடித்துவிட்டு, உதவி என்று சொன்னதை எடுத்துவிடுங்கள் என்றார்.

பிறகு என் முறை. நானும் ஒளிக்காமல் சொன்னேன். முதல் கார் வாங்க அவர் தன் பங்கு நிலத்தை விற்றார். இரண்டாவது கார் கடனுக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டார். எந்த ஸ்கூலிலும் தேறாமல் திரும்பி வருகிறவர்களை அவர்தான் எடுத்துக்கொள்வார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குமே அந்தப் பேங்க் காசாளர், அவரை இன்ஜினே போடாமல் நின்ற காரில் வாரக்கணக்கில் உட்கார வைத்துப் பயத்தைத் தெளிய வைத்தார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. அந்தக் குரலில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் நாங்கள் உங்கள் மேசையை ஆட்ட வந்திருக்க மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒருவரைப் பாராட்டிவிட்டு அதோடு நிறுத்த எனக்கு வராது.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து சம்பாதித்தது இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. அதில் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. எப்படிப் பாதியாக்குவது என்பதுதான் மிச்சம்.

வீட்டை மதிப்புப் போட ஒருவர் வந்தார். ஸ்கூலை ஆடிட்டர் பார்த்தார். இரண்டு கார், ஆபீசுக்கும் மாடிக்கும் மிச்சமிருக்கும் குத்தகை, இத்தனை வருஷப் பெயர் எல்லாம் சேர்த்தாலும் வீட்டுக்குக் குறைவுதான். பேங்க்கில் சேமிப்பு கொஞ்சம் இருந்தது. மத்தியஸ்தர் சொன்னார், அப்பா எல்லாவற்றையும் இரண்டு பங்காக வைக்க வேண்டுமாம், நான் ஒன்றை எடுக்க வேண்டுமாம். "எது உங்க கைக்கு வந்தாலும் நிம்மதியா எடுத்துட்டுப் போவேன்னு தோணுற மாதிரிப் பிரிங்க" என்று அவரிடம் அழுத்திச் சொன்னார்.

ஒரு பங்கு வீடும் வீட்டுக் காரும். இன்னொரு பங்கு ஸ்கூலும் அதன் கார் கடனும். சேமிப்பை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று ஒரு வாரம் நகர்த்தி, கடைசியில் அப்பா முழுவதையும் ஸ்கூல் பங்கில் வைத்தார். ஏன் தெரியுமா? உன் பெரிய மாமா தினமும் போன் போட்டு, வீட்டை எடு, வீட்டை எடு என்று ஓதிக்கொண்டிருந்தார். நீயும் அதையே சொன்னாய். அப்பா காதிலும் எல்லாம் விழுந்தது. நான் வீட்டைத்தான் எடுப்பேன் என்று அப்பாவுக்கு அத்தனை நிச்சயம். ஸ்கூல் தனக்குத்தான் என்று நினைத்து அந்தப் பக்கம் கொஞ்சம் கனமாக வைத்துவிட்டார். திருட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். காகிதத்தில் கணக்குச் சரியாகவே இருந்தது. கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்த கணக்கு. அவங்க ஸ்கூலை எடுத்தால் உங்களுக்குச் சம்மதமா என்று மத்தியஸ்தர் கேட்டபோது, "அவ எங்க மேடம் எடுக்கப் போறா" என்று சிரித்தார்.

அந்த வாரம் நான் வீட்டுக்குள் நடந்து நடந்து பார்த்தேன். நல்ல வீடு. மூன்று அறை, பின்பக்கம் வெயில், எப்போதும் சொட்டும் குழாய். அதில் தனியாக இருந்துகொண்டு நான் என்ன செய்வேன்? தூசி தட்டுவேன். ஸ்கூலுக்குப் போனால், எப்ப டீச்சரம்மா எனக்கு ரிவர்ஸ் சொல்லித் தருவீங்க என்று நாலு பேர் வாசலில் நிற்கிறார்கள்.

ஸ்கூல் என்று சொன்னேன்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கால் மட்டும் பலமாக மிதித்தது போலும், ஜாடித் தண்ணீர் தளும்பி மேசையெல்லாம் ஓடியது. மத்தியஸ்தர் எழுந்து துணி எடுத்து வந்து பொறுமையாகத் துடைத்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இப்போது நீ சொல், ஹாரன். நான் விட்டுக் கொடுத்தேனா, எடுத்துக்கொண்டேனா?

யோசித்துப் பார்க்க ஒரு வாரம் கொடுத்தார் அந்த அம்மா. கையெழுத்துப் போடாத வரை அப்பா மாற்றிக் கேட்டிருக்கலாம். வக்கீலும் அவருக்கு அதைத்தான் சொன்னாராம். திரும்பி வந்தபோது முகம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "பிரிச்சது நான். இப்ப மாத்துனா நான் மனுஷனே இல்ல" என்றார். சுவரைச் சாப்பிட முடியாதே, வேலை இல்லாமல் இந்த மனுஷன் என்ன செய்வார் என்று தோன்றியது. சேமிப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறேன் என்றேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார். "காசு வேணாம். பயந்தவங்க வகுப்பை மட்டும் எனக்குக் குடு. சம்பளம் போட்டுக் குடு" என்றார். ஒரு மாசம் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அத்தனை நாளில் முதல் தடவையாக மத்தியஸ்தர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த ஸ்கூலில் இத்தனை வருஷம் உழைத்து எனக்குச் சம்பளம் என்று ஒன்று வந்ததில்லை. இப்போது மாசா மாசம் நானும் எடுத்துக்கொள்கிறேன், உன் அப்பாவுக்கும் கொடுக்கிறேன். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊமைக்குசும்பு போகவில்லை. எல்லோர் முன்னாலும் என்னை மேடம் என்கிறார், பல் டாக்டரிடம் போக ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு எழுதித் தருகிறார். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார், அதில் அவர் செலவு போகிறது. எதிர்க்கடைப் புத்தகக்காரர் என்னிடம், பிரிஞ்ச பிறகும் அவரை எப்படிம்மா வேலைக்கு வச்சிருக்கீங்க என்று மூக்கை நுழைத்தார். "அவர் நல்ல மாஸ்டர். புருஷன் வேலையிலிருந்துதான் நின்னுட்டார்" என்றேன்.

நான் ஆபீசுக்கு மேலே இருக்கும் இரண்டு அறையில் இருக்கிறேன். சமையலறையில் ஓர் இடத்தில் நின்றபடியே எல்லாம் எடுத்துவிடலாம். வெங்காயத்தை இஷ்டத்துக்கு நறுக்குகிறேன். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு சாயங்காலம் மறதியாக இரண்டு கப் டீ போட்டுவிட்டு நின்றதுண்டு. இரண்டையும் நானே குடித்தேன். நன்றாகத் தூங்குகிறேன், கண்ணே. இதை மட்டுமாவது நம்பு.

நான் சாமான்களோடு இங்கே வந்த நாளில் அப்பாதான் வீட்டுக் காரில் கொண்டுவந்து விட்டார். அதில் இரண்டாவது பிரேக் கிடையாது. எத்தனை வருஷமாக அந்தக் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையை மிதித்திருக்கிறேன்! ஸ்கூல் திருப்பத்தில் ஒரு வேன் திடீரென்று குறுக்கே வந்தது. அப்பா நிதானமாக நிறுத்தி, வழி விட்டு, மறுபடி எடுத்தார். சாமான்களை இறக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது, என் கால் அசையவே இல்லை. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

உன் அறையை அவர் வாடகைக்கு விடவில்லை. இங்கேயும் உனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். எந்த வீட்டுக்கு வருவது என்று கேட்டாயே, எதற்கு வேண்டுமானாலும் வா. பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று உன்னையும் கணக்குப் போட்டுப் பிரிக்க எங்களுக்கு மனசில்லை. மத்தியஸ்தர் அறையில் உன் பெயரை நாங்கள் இரண்டு பேருமே எடுக்கவில்லை.

எந்த ரயில் என்று மட்டும் அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல். அவர்தான் அழைத்துப்போக வருவார். எனக்கு அன்றைக்கு வகுப்பு இருக்கிறது. இல்லாவிட்டாலும் இருக்கிறது என்றுதான் சொல்வேன். கோபத்தில் பின்சீட்டில் ஏறிக்கொள்ளாதே. அவர் பக்கத்தில் உட்கார். உன்னை ஏற்றிக்கொண்டால் எப்போதும் போல ஆமை வேகத்தில்தான் வருவார். ஒன்றும் சொல்லாமல் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வந்து சேர்.

நீ போகிற வழியெல்லாம் நல்லதாகவே அமையட்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா