ஆறு நாற்காலிகளுக்கு மேல் வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன், புத்தியும் தெளிவாகவே இருக்கிறது. இதை முதலில் எழுதக் காரணம், படகுத்துறையில் எனக்குத் தலை சுற்றிவிட்டது, சக்கர நாற்காலி படகில் ஏறும் சாய்பலகையில் சிக்கிக்கொண்டது என்று உன் தம்பி மனைவி உனக்குப் போனில் சொன்னாளாமே, அது உண்மை அல்ல. தலையும் சுற்றவில்லை, சக்கரமும் சிக்கவில்லை. படகு கிளம்பக் கூடாது என்று நானே சாய்பலகையின் நடுவில் நாற்காலியை நிறுத்தி இரண்டு பிரேக்கையும் என் கையாலேயே போட்டேன். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? போன முறை பேசியபோது உன் இருமல் எனக்குப் பிடிக்கவில்லை, டாக்டரிடம் போனாயா இல்லையா என்பதை மழுப்பாமல் சொல். இங்கே பின்னறை ஒழுகுவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தையற்காரிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது தெருவில் போகிறவர்கள் சட்டையில் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலாக் கப்பலில் வருகிற சக்கர நாற்காலிக்காரர்களும் கடல்நாய்களைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று உன் அப்பா அந்தப் படகைக் கட்டியபோது, தரையில் ஆறு நாற்காலிகளுக்குத்தான் கொக்கி வைத்தார். நாற்காலியைத் தரையோடு கட்டலாம், ஆளை நாற்காலியோடு கட்டக் கூடாது என்பது அவர் சட்டம். படகு கவிழ்ந்தால் நாற்காலி மூழ்கும், மிதவைச் சட்டை போட்ட ஆள் மிதக்க வேண்டும், அதற்காக. இந்த வருஷம் கடல்நாய்கள் உள்பாறையை விட்டு எங்கோ போய்விட்டன. காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை, பாறை வெறுமையாகக் கிடக்கிறது. அதனால் உன் தம்பி அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி வெளிக்கடல் பாறைகளுக்குப் படகை விடுகிறான். அங்கே ஆட்டம் அதிகம். ஒரு அம்மாள் பயந்து அலறினாள் என்று, அவனுடன் வேலை செய்யும் நெட்டையன் அவளுடைய மிதவைச் சட்டை வாரை நாற்காலி முதுகையும் சேர்த்துச் சுற்றி இறுக்கியிருக்கிறான். அவளுக்கு நிம்மதியாக இருந்ததாம், அதிலிருந்து எல்லாரையும் அப்படியே கட்டுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பரிவுதான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை துறைக்குத் திரும்பிய பிறகு ஒரு பெரியவரின் வார்ப்பூட்டு உப்பில் இறுகித் திறக்கவே இல்லை, கடைசியில் கத்தியால் அறுத்தார்கள். என்னை வீட்டுக்கே அனுப்பமாட்டீர்களா என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம். கரையில், பட்டப்பகலில், அசையாத படகில் மூன்று நிமிடம்.

மறுநாள் உன் தம்பி ஒன்பது நாற்காலிகளை ஏற்றினான். மூன்றுக்குக் கொக்கியே இல்லை, கயிறு. அதனால்தான் குறுக்கே போனேன். அம்மா, கப்பல்காரங்க பார்க்கறாங்க, மானத்தை வாங்காதீங்க, அப்பா காலத்துக் கதையை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க என்றான். மூன்று பேரை இறக்கு, நகர்கிறேன் என்றேன். அவன் குனிந்து பிரேக்கை எடுத்துவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு போய் டிக்கெட் அறை வாசலில் விட்டுவிட்டான். இடுப்பு எலும்பு முறிந்த இந்த இரண்டு வருஷத்தில் என்னைக் கேட்காமல் யாரும் இந்த நாற்காலியைத் தொட்டதில்லை. படகு பத்திரமாகத் திரும்பியது. பார்த்தீங்களா பெரியம்மா, ஒண்ணும் ஆகலையே என்று நெட்டையன் வேறு. ஒன்றும் ஆகாததால்தான் இப்போது துணிச்சல் கூடிவிட்டது. வருகிற பத்தொன்பதாம் தேதி பெரிய கப்பல் வருகிறது, பன்னிரண்டு நாற்காலிகளுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். நேற்று முழுக்கப் புதுக் கொக்கிகளுக்காகப் படகின் தரையில் துளை போடும் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. அவிழ்த்துவிட அவனும் நெட்டையனும் இரண்டே பேர். பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே கணக்குப் போடு, நான் போட்டுவிட்டேன்.

துறைமுக அதிகாரியைப் பார்க்கப் போனேன். உட்காருங்கள் என்றார், உட்கார்ந்துதான் வந்திருக்கிறேன் என்றேன். படகு உன் பெயரிலும் உன் தம்பி பெயரிலும் இருப்பதால், கூடுதல் நாற்காலிகளுக்கு அக்காவுக்கும் சம்மதம் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். நீ இல்லை என்று எழுதினால் படகை நிறுத்தலாம், என் பேச்சையோ செல்போன் செய்தியையோ வைத்து எதுவும் செய்ய முடியாதாம். நீ அவனிடம் என்ன சொன்னாய்? பார்த்துச் செய் என்றாயாம். அதைத்தான் சம்மதம் ஆக்கிவிட்டான்.

தம்பியைக் காட்டிக்கொடுப்பதாக உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியும், எப்படியும் கரையேறிவிடுவான். அதற்குப் பிறகு அவன் எப்படி உயிரோடு இருப்பான் என்பதுதான் என் பயம்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. ஆறு நாற்காலிகளுக்கு மேல் எனக்குச் சம்மதமில்லை என்று ஒரு வரி எழுதி, முழுக் கையெழுத்துப் போடு. தேதி இல்லாத கையெழுத்து கையெழுத்தே அல்ல என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் மறக்காதே. பதினைந்தாம் தேதிக்குள் என் கையில் கிடைக்கும்படி கூரியரில் அனுப்பு. போன் செய்ய வேண்டாம், எழுத்தில் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா