வரைபடத்தில் விட்ட சொல்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்ட இடுப்பளவு முப்பத்து மூன்றரை. டேப்பைப் பிடித்தது உன் மாப்பிள்ளை. நில அளவை அலுவலகத்தில் பத்து வருடமாக வரைபடம் வரைகிற மனிதர், பெண்டாட்டி வயிற்றையும் இரண்டு தடவை அளந்து சராசரி போட்டுத்தான் சொன்னார். தைரியமாகக் கத்தரி வை.

நாலு மாதம் முடியப்போகிறது. வாந்தி நின்றுவிட்டது. நின்ற மறுநாளே கிளம்பிவிட்டோம். எங்கே என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். வடக்கே இருக்கிற குன்றுக்குப் போனோம். உச்சி வரை ஏறவில்லை, முக்கால்வாசியில் ஒரு பாறை கிடைத்தது, அதில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம். இறங்கும்போது கால் பிசகியது அவருக்குத்தான். நான் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ஒரு அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேர்ல யாரும்மா மாசமா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார்.

நீ இப்போது பல்லைக் கடிக்கிறாய், எனக்குத் தெரியும். கேள். எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எங்கே போனாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவமனை இருக்க வேண்டும். அவர் தான் வரைந்த வரைபடத்தையே விரித்து, சிவப்புக் கூட்டல் குறி உள்ள ஒவ்வொரு இடத்தையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டோம்.

நீச்சல் குளத்தில் இன்னும் வகுப்பு எடுக்கிறேன். தண்ணீரில் இறங்கினால் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

பிப்ரவரி 20

என் செல்ல வாலுக்கு,

கவுன் அனுப்பியிருக்கிறேன். பக்கவாட்டில் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன், வயிறு வளர வளரப் பிரித்துக்கொள். கையில்லாமல் கேட்டாய், கை வைத்துத்தான் தைத்தேன். காற்றுப் படக்கூடாது.

குன்றாம், பாறையாம், ஆரஞ்சாம். வாயும் வயிறுமாக இருக்கிற பெண் செய்கிற காரியமா இது? அம்மா இருந்திருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பாள். அவள் இல்லாததால் அந்த வேலையும் என் தலையில். மாப்பிள்ளைக்குப் படம் போடத் தெரிந்த அளவுக்குப் புத்தி இல்லையா என்று நான் கேட்டதாகவே சொல். வட்டம் போட்டால் விழமாட்டாயா?

வீட்டில் இரு. புத்தகம் படி. சன்னலோரம் உட்கார். ஐந்து மாதம்தானே, ஓடிவிடும்.

பள்ளிச் சீருடைத் தைப்பு தலைக்கு மேல் கிடக்கிறது. போனில் பேசலாம் என்றால் மிஷின் சத்தத்தில் நீ சொல்வது கேட்பதில்லை, நான் கத்துவது மட்டும் உனக்குக் கேட்கிறது. அதனால் கடிதமே போடு. உன் அத்தான் பள்ளிப் பேருந்தில் காலையும் மாலையும் அலைகிறார், சௌக்கியம்.

உன் அக்கா

மார்ச் 28

அன்பு அக்கா,

முப்பத்தேழு. ஒரு மடிப்புப் பிரித்தாயிற்று. கையை வெட்டிவிட்டேன், மன்னித்துவிடு.

டாக்டரம்மாவிடம் உன் புகாரை அப்படியே வைத்தேன். "நடங்க, நீந்துங்க, மூச்சு வாங்கினா உக்காருங்க. விழற எடத்துக்கு மட்டும் போகாதீங்க" என்றார். ஆகவே குன்று ரத்து. ஏரி பாக்கி.

ஏரியில் படகு எடுத்தோம். துடுப்புப் போடுவது நான், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குச் சொல்வது அவர். நடுவில் போனதும் குழந்தை முதன்முதலாக உதைத்தது அக்கா! நான் துடுப்பை விட்டுவிட்டேன். அது மிதந்து போய்விட்டது. கையாலேயே தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கரை சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே, "எங்க, எங்க" என்று வயிற்றில் காதை வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒருத்தியே தள்ளினேன்.

இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் வாயேன். நீ எதற்கு இப்படிப் பயப்படுகிறாய் என்றே எனக்குப் புரியவில்லை.

வாலு

ஏப்ரல் 6

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இனிமேல் நீங்கள் போகிற இடங்களைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது, அளவு எழுது, போதும்.

அக்கா

மே 10

அக்காவுக்கு,

நலம். நாற்பது.

வாலு

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

நீ வேண்டாம் என்று சொன்னதை மீறி எழுதுகிறேன். நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம். இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

போன ஞாயிறு வாய்க்கால் கரைப் பாதையில் நடந்தோம். சமதரைதான், மரநிழல்தான், வட்டத்துக்குள்தான். அரை மைல் போவதற்குள் வயிறு கல்லு மாதிரி இறுகியது. விட்டது. மறுபடி இறுகியது. அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. எட்டாம் மாதம் அக்கா. 

அவர் வரைபடத்தை விரித்தார். பக்கத்திலேயே ஒரு கூட்டல் குறி, பன்னிரண்டு நிமிடம். அந்த வழியாக வந்த வேனை நிறுத்தி ஏறினோம். வாசலில் இறங்கி என்னைத் தாங்கிக்கொண்டு, "டாக்டர்! வலி வந்துடுச்சு டாக்டர்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். உள்ளே ஏழெட்டுப் பசுமாடு. காலில் கட்டுப் போட்ட ஒரு நாய். முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒரு டாக்டர்.

"எதுக்குங்க வலி?" என்றார் பூட்ஸ் போட்ட டாக்டர்.

"என் மனைவிக்கு!"

"அய்யய்யோ, இது கால்நடை மருத்துவமனைங்க. போர்டு பாக்கலியா?"

"மேப்ல ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கே!"

"எந்தப் புண்ணியவான் போட்ட மேப்பு அது?"

உன் மாப்பிள்ளை கையிலிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பூனை மாதிரி ஒரு குரலில், "நான்தாங்க" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன் வரைந்தது. அந்த இடத்தில் ரயில் பாதை, வாய்க்கால், சாலை எல்லாம் நெருக்கமாக வந்ததால் எழுத இடம் பத்தவில்லை. 'கால்நடை'யை விட்டுவிட்டு 'மருத்துவமனை' என்று மட்டும் எழுதிக் குறியைப் போட்டிருக்கிறார். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அந்த டாக்டர் தங்கமான மனிதர். "நானூறு கன்னுக்குட்டிக்குப் பிரசவம் பாத்திருக்கேன். ஆனா நீங்க வேறம்மா, ஏறுங்க" என்று தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு பறந்தார். பின்சீட்டில் ஊசி போட்ட ஒரு ஆடு வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. எங்கள் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்வதற்குள் வலி நின்றுபோயிருந்தது. ஒத்திகை வலியாம். குழந்தையின் இதயத்துடிப்பை ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்கவைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. உன் மாப்பிள்ளை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "நான் நடந்ததாலயா டாக்டர்?" என்பதுதான். "நடக்காம வீட்ல இருந்தாலும் வந்திருக்கும்மா. தண்ணி நெறையக் குடிங்க" என்றார்.

ஆனால் அந்த ஜீப்பில் இருபது நிமிடம் இருந்தேனே, அப்போது எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். ஒன்பது வருடத்துக்கு முன் உனக்குக் கலைந்தபோது நான் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "சரியாயிட்டேன், நீ படி" என்று இரண்டு வரி எழுதினாய். நானும் படித்தேன். எப்படி இருந்தது என்று உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குன்றும் ஏரியுமாக உனக்கு எழுதிக் குவித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. இப்போது கேட்கிறேன். எப்படி இருந்தது?

உன் வாலு

ஜூன் 23

என் வாலு,

மாட்டு ஆஸ்பத்திரி வரை படித்துச் சிரித்தேன். கடையில் சட்டைக்குக் காஜா எடுக்கிற பெண், "என்னக்கா தனியாச் சிரிக்கிறீங்க" என்று எழுந்து வந்துவிட்டாள். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் அத்தானிடமும் சொன்னதில்லை.

அப்போது பதினொரு வாரம். என் மாமியார் ஊருக்குப் போகும்போது, "சைக்கிளைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் வெறித்தது. உன் அத்தான் வேலைக்குப் போய்விட்டார். சைக்கிளை எடுத்து மணிக்கூண்டு வரை போய்த் திரும்பினேன். ஒரு வேலையும் இல்லை வாலு. நூல் வாங்க வேண்டும், துணி கொடுக்க வேண்டும் என்று ஏதாவது இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சும்மா, காற்றுக்காகப் போனேன். சரிவில் இறங்கும்போது பாடிக்கொண்டே வந்தேன். மறுநாள் விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

"இதுக்குன்னு ஒரு காரணமும் இல்லம்மா" என்றார் டாக்டர். அவரிடம் நான் சைக்கிளைப் பற்றிச் சொல்லவில்லையே. தெரியாமல் சொன்ன ஆறுதல் எனக்கு எப்படிச் சேரும்? பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எனக்குக் கிடைத்த தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். உன் அத்தானுக்கும் சேர்த்துக் கிடைத்துவிட்டதே என்பதைத்தான் தாங்கமுடியவில்லை. அவர் பேருந்திலிருந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்து இறக்கிவிடுவதை ஒரு நாள் பார்த்தேன். அதற்குப்பிறகு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

நீ துடுப்பை விட்டுவிட்டுச் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினாய். எனக்கு அந்தச் சந்தோஷம்தான் பயம். பிரசவத்துக்குக்கூட நான் வரமாட்டேன் வாலு, கோபித்துக்கொள்ளாதே. என் கண் படவேண்டாம்.

உன் அக்கா

ஜூலை 3

என் அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் போனேன். உன் பெயர் சொல்லவில்லை. சைக்கிள், மணிக்கூண்டு, சரிவு, பாட்டு உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பதினோரு வாரத்துல கலையறதுக்குப் பெரும்பாலும் காரணம் கரு தொடக்கத்துலேயே சரியா உருவாகாததுதான். சைக்கிள் ஓட்டினா அது கலையாது. அவங்க அன்னைக்குப் படுத்தே கெடந்திருந்தாலும் நடந்திருக்கும். இத்தனை வருஷமாவா மனசுல வெச்சிருக்காங்க? எங்கிட்ட அனுப்புங்க, நானே சொல்றேன்."

எல்லாம் தெரிந்துதான் சொல்கிறார் அக்கா. இந்த ஆறுதல் உனக்குச் சேரும்.

இன்னொன்று. அத்தானிடம் சொல். இதை நீ ஒருத்தியாகச்

ஜூலை 8

அந்த வரியில் இருக்கும்போதுதான் நிஜ வலி வந்தது. போனில் உன் மாப்பிள்ளை சொன்னது உனக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது, அவர் பாதி அழுகையாகத்தான் பேசினாராம். பெண். மூன்று கிலோ. இந்தத் தடவை சரியான மருத்துவமனை. உள்ளே நுழையுமுன் உன் மாப்பிள்ளை போர்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். விடிகாலை வந்தோம், பத்து மணிக்கு இவள் வந்துவிட்டாள். அக்கா, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு நாலு நாளாகிறது, இன்னும் விட்டுக்கொண்டே இருக்கிறேன்.

விட்ட வரியை முடிக்கிறேன். இதை நீ ஒருத்தியாகச் சுமக்காதே. அத்தானிடம் சொல். பிறகு வா. உன் கண் படட்டும், இவளுக்கு வேறு பெரியம்மா கிடையாது.

வாலு

ஜூலை 13

என் தங்கத்துக்கு,

மூன்று கிலோவா! நீ இரண்டரைதான் இருந்தாய்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. நேற்றுச் சாயங்காலம் உன் அத்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். கடிதத்தை நீட்டினேன். "கண்ணாடி உள்ள இருக்கு, நீயே சொல்லு" என்றார். சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் எடுத்ததிலிருந்து எல்லாம் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "மணிக்கூண்டு வரைக்குமா போனே? நான் பார்க் வரைக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உனக்கு மாத்துத் துணி எடுக்க வந்தேன்ல, அப்பப் பாத்தேன். ரெண்டு சக்கரத்துலயும் சேறு. அம்மா மத்தியானம் வந்து எறங்கினா மொதல்ல அதத்தான் பாப்பாங்க. அதான் கழுவித் தொடச்சு நிறுத்திட்டேன்."

"ஏன் என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுவே. எனக்கு அது தப்பாவே தோணல. மழை விட்டுச்சு, சந்தோஷமா ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கே. நீயே மறந்திருப்பேன்னு நெனச்சேன், ஞாபகப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை நன்றாகத் திட்டினேன் வாலு. ஒன்பது வருடம்! ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கத்தினேன். "நீயும்தான் சொல்லல" என்றார். அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவரும் அழுதார். பிறகு எனக்கு ஒரே பசி. எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பசித்து! இருவரும் முட்டையும் ரொட்டியுமாக ஆளுக்கு ஆறு துண்டு தின்றோம்.

கடைக் கதவில் ஒரு வாரம் விடுமுறை என்று எழுதி ஒட்டிவிட்டேன். வியாழக்கிழமை காலை வண்டியில் இரண்டு பேரும் வருகிறோம். உன் அத்தான் இப்போதே கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பழகுகிறார், தான்தான் முதலில் தூக்குவாராம். நீ அவரிடம் கொடுத்துவிடாதே. நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் பொறு, என்னிடம் கொடு.

உன் அக்கா