ஆள் நடமாட்டமுள்ள தெருவில் என் அக்கா மகளுக்கு நேர்ந்த கொடுமை குறித்து

அனுப்புநர்
செ. வால்டர்,
முன்னாள் சுரங்கத் தொழிலாளி,
நந்திதுர்க் லைன் வீடுகள்,
கோலார் தங்கவயல்.

பெறுநர்
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கோலார் தங்கவயல்.

பொருள்: பெங்களூரு விடுதியில் என் அக்கா மகள் லவினாவின் அறைக்குள் மேனேஜர் புகுந்தது – அங்கே புகாரை ஏற்க மறுத்தது – இங்கேயே பதிவு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆனாலும் தண்ணீர், தெருவிளக்கு, பென்ஷன் என்று எங்கள் பக்கம் எழுதப்பட்ட மனுக்களில் முக்கால்வாசி என் கையால் ஆனவை. முன்பிருந்த ஒரு பெரிய அதிகாரி என் மனுவைப் படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். தாங்களும் இதைக் கடைசிவரை படிப்பீர்கள் என்று நம்புகிறேன். கன்னட நகல் இணைத்துள்ளேன்.

2. லவினாவுக்குப் பெங்களூரில் ஒரு வார வேலைப் பயிற்சி. காலை ஏழு மணிக்கே தொடங்கும் என்பதால் ரயிலில் போய்வர வழியில்லை. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் எழுதுவதையெல்லாம் ஃபோனில் படித்து, குடும்பங்கள் வசிக்கும் ஓர் அமைதியான தெருவில் பெண்கள் விடுதி ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். நான் ஒப்பவில்லை. பெங்களூரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. "அந்தத் தெருவுல காக்கா கூட நடக்காதும்மா, ராவுல கூப்பிட்டா யார் வருவா?" என்றேன். "அங்க தங்கின பொண்ணுங்களே எழுதிக்கீறாங்க மாமா" என்றாள். "எழுதினவங்க எல்லாம் சுரங்க ஷாஃப்ட்டுல எறங்கினவங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தேன்.

சுரங்கம் மூன்று ஷிஃப்ட் ஓடிய காலத்தில் எங்கள் லைனில் ஏதாவது ஒரு வீட்டில் ஆள் விழித்திருப்பான். ஒரு பெண் குரல் கொடுத்தால் சோற்றுக் கையோடு வருவார்கள். நாங்கள் கதவுக்குப் பூட்டு வாங்கியதே இல்லை. அந்தக் கணக்கில்தான், பேருந்து நிலையத்தின் பின்புறம் ஓயாமல் ஆள் நடமாடும் தெருவில் ஒரு விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். நேரில் போய் டீக்கடையில் அரை நாள் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். கதவைப் பார்க்கவில்லை.

3. இந்தப் பத்தியை லவினா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பயிற்சிக்கு முந்தின நாள் மதியம் அவள் அறைக்குப் போனாள். உள்தாழ்ப்பாள் இருந்தது. அது நுழையும் துளையில் மரத்துண்டு அடித்து அடைத்திருந்தது. சாவியால் பூட்டிவிட்டுப் படுத்தாள். மூன்று மணிக்கு மேனேஜர் வேறொரு சாவியால் திறந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவள் வாயைப் பொத்தினான். கையைக் கடித்துவிட்டுப் பால்கனிக்கு ஓடிக் கத்தினாள். கீழே தெரு நிறைய ஆண்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தான். யாரும் மேலே வரவில்லை. மேனேஜர் பின்வாங்கிய நேரத்தில் அவனைத் தள்ளிவிட்டுச் செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள்.

கீழே ஐந்நூறு பேர் என்று எழுதியிருந்தேன். "நாப்பது பேர் இருக்கும் மாமா, நடந்தத மட்டும் எழுதுங்க" என்றாள். அந்த எண்ணை அடித்துவிட்டேன்.

4. அங்குள்ள காவல் நிலையத்தில், "அந்த ஏரியாவுல தனியா ரூம் எடுக்கச் சொன்னது யாரும்மா? தெரிஞ்சுதானே போன?" என்று கன்னடத்தில் கேட்டு, விசாரித்துக்கொள்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். எடுக்கச் சொன்னது நான். அந்தக் கேள்வியை எந்த நிலையத்திலும், எத்தனை முறை வேண்டுமானாலும் என்னிடம் கேட்கட்டும். பதில் சொல்ல வருகிறேன். அவளிடம் கேட்க வேண்டாம். பயிற்சி போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டிலும், பட்டப்பகலில்கூட, கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

5. நேற்று அந்த விடுதிக்கு ஃபோன் செய்து, தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு அறை வேண்டும் என்று கேட்டேன். பேசியது அதே மேனேஜர். "அனுப்புங்க சார், தனியா வர்ற லேடீஸுக்குன்னே ஒரு ரூம் வச்சிருக்கோம்" என்றான். லவினாவுக்குக் கொடுத்த அறை எண்ணையே சொன்னான். "இன்னைக்கு ஆள் இருக்காங்க, நாளைக்குக் காலியாயிடும்" என்றான். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஆகவே ஐயா, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்ற சட்டப்படி இப்புகாரை இங்கே பதிந்து, அந்த மேனேஜரைக் கைது செய்யவும் அவனிடமுள்ள சாவிகளைக் கைப்பற்றவும் உடனே ஆவன செய்ய வேண்டுகிறேன். விடுதியின் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. இம்மனுவை நாளைக்கு என்று எடுத்து வைத்துவிட வேண்டாம். அந்த அறை இன்று காலியாகிறது.

இடம்: நந்திதுர்க், கோலார் தங்கவயல்
நாள்: 12.07.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(செ. வால்டர்)

மூன்றாம் பத்தி நான் சொன்னபடியே உள்ளது.
(லவினா)